முடிச்சவிழும் திருநாள்

வணக்கம் நேயர்களே. கற்பனை உலகக் கதைகளில் நான் மிக ஆவலோடு தேடிப் படிப்பது போரையோ மந்திரத்தையோ அல்ல, திருவிழாவைத்தான். பல கதைகளில் அதுதான் ஏமாற்றுகிறது. தேவிக்கு விழா என்பார்கள், விளக்கேற்றுவார்கள், ஆடுவார்கள், பொழுது விடிந்ததும் கதை தன் வழியே போய்விடும். தேவி கடலுக்கு உரியவளா, காட்டுக்கு உரியவளா என்பது அந்த விழாவில் எங்குமே தெரியாது. அவளுக்காக அன்று மக்கள் எதைச் செய்யக் கூடாது? நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் எழுதிய ஒரு குறிப்பு இருக்கிறது. வடக்கே சில ஜெர்மானியக் குடிகள் நெர்துஸ் என்ற நிலமகளை வணங்கினார்கள். ஒரு தீவின் தோப்பில், துணி போர்த்திய வண்டி. தேவி வந்துவிட்டாள் என்று பூசாரி அறிந்ததும் பசுக்களைப் பூட்டி ஊர்வலம் கிளம்பும். அவள் ஊர் சுற்றும் நாட்களில் யாரும் போருக்குப் போவதில்லை, இரும்பு அத்தனையும் பூட்டிவைக்கப்படும். கடைசியில் வண்டியையும் துணியையும் தேவியையும் மறைவான ஓர் ஏரியில் கழுவுவார்கள். கழுவிய அடிமைகளை அந்த ஏரியே விழுங்கிவிடும். அமைதியும் கொடூரமும் ஒரே விழாவுக்குள்! அந்தப் பூட்டிய இரும்பை நினைத்தாலே எனக்கு ஒரு முழு நாடு கண்முன் எழுகிறது.

பழைய ரோமிலும் ஒன்று இருந்தது. பிரசவத்தைக் காக்கும் யூனோ லூசினாவுக்கு மார்ச் 1 அன்று விழா. கர்ப்பிணிகள் கூந்தலை அவிழ்த்துவிட்டுத்தான் அவளை வேண்டுவார்கள். கூந்தல் அவிழ்வதுபோலப் பிரசவமும் இலகுவாக வேண்டுமாம்.

இந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு நான் ஓர் உலகம் அமைத்தேன். அங்கே தேவி ஓர் ஆறு. கட்டிவைத்தால் வற்றிவிடுவாள் என்பது மக்களின் அச்சம். ஆகவே அவள் திருநாளில் எங்கும் ஒரு முடிச்சுகூட இருக்கக் கூடாது. சரி, அப்புறம் என்ன ஆகும்? படகைக் கட்ட முடியாது, முந்தின நாளே எல்லோரும் சேர்ந்து கரைமேல் இழுத்துப் போட வேண்டும். மாடுகள் அவிழ்ந்து திரியும், அன்று பயிரை மேய்ந்தால் வழக்குப் போட முடியாது. கைதியின் கட்டையும் அவிழ்த்தாக வேண்டும். அதனால் விழா நெருங்கும்போது யாரையும் கைது செய்யக் காவலர்கள் தயங்குவார்கள். கணவன் கடலோடு போய்த் திரும்பாத பெண், அவன் கட்டிவிட்டுப் போன தாலிக்கயிற்றை அன்று அவிழ்ப்பாளா? இதை மட்டும் எந்தப் பூசாரியும் அவளிடம் கேட்பதில்லை.

அன்றைக்கு ஒரு குழந்தை பிறந்துவிட்டால்? தொப்புள்கொடியைக் கட்டித்தானே ஆக வேண்டும்! அந்த ஒரு முடிச்சைத் தேவியே போடுகிறாள் என்று அங்கே விதி. கட்டிய மருத்துவச்சியின் கை, மறுநாள் விடியும்வரை தேவியின் கை. அவள் தொட்டுச் சொன்னதைக் கோயிலும் மறுக்க முடியாது. இந்த விதியை எழுதிய பிறகுதான் பூசாரிகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் இடையே தலைமுறைப் பகை ஒன்று எனக்குப் புலப்பட்டது. இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதை அந்தப் பகையைப் பற்றியதுதான். கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.