இன்றைக்கு ஆட்டம் உண்டா?

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டு லீக் நடத்தக் கைப்பேசிச் செயலி செய்ய நினைப்பவர்கள், பயன்படுத்தப்போகிறவர்களின் தேவையை எப்படிக் கண்டறிவது? அதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு. அதனால் நேரம் தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"உங்களுக்கு என்னென்ன வசதிகள் வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வீரருக்கும் சராசரி, வண்ண வரைபடம், நேரடி ஒளிபரப்பு என்று பட்டியல் நீளும். யாரும் பொய் சொல்வதில்லை. கேட்டுவிட்டார்களே என்று எதையாவது சொல்கிறார்கள். அதே மனிதர் ஆட்டத்தன்று காலையில், தூறலைப் பார்த்துக்கொண்டே அணியின் வாட்ஸ்அப் குழுவில் என்ன கேட்கிறார்? "இன்றைக்கு ஆட்டம் உண்டா, இல்லையா?" அடுத்து, "எந்த மைதானம்? எத்தனை மணிக்கு?" நீங்கள் ஏதாவது அணியில் இருந்தால், பழைய செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் ஐந்தாறுதான் இருக்கும். தேவை என்பது அந்த ஐந்தாறு கேள்விகள்தான்.

யார் கேட்கிறார், எந்த நேரத்தில் கேட்கிறார், என்ன கேட்கிறார். இந்த மூன்றையும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. இதைச் சொல்லாமல் என்னால் இந்தத் தலைப்பைக் கடக்க முடியாது.

2003 உலகக் கோப்பை கிரிக்கெட். டர்பனில் தென் ஆப்பிரிக்காவும் இலங்கையும் மோதுகின்றன. இலங்கை 268 ரன் எடுத்துவிட்டது. தென் ஆப்பிரிக்கா விரட்டிக்கொண்டிருக்கும்போது மழை வலுக்கிறது. ஆட்டம் நின்றுபோனால் முடிவு சொல்ல டக்வொர்த்–லூயிஸ் கணக்கு இருக்கிறது. எந்த ஓவரில் நின்றால் எத்தனை ரன் இருக்க வேண்டும் என்ற அட்டவணையும் அணியின் கையில் இருக்கிறது. 45 ஓவர் முடிவில் 229 என்று ஆடுகளத்துக்குச் செய்தி போகிறது. முரளிதரன் வீசிய அந்த ஓவரின் ஐந்தாவது பந்தை மார்க் பவுச்சர் சிக்ஸருக்கு அனுப்புகிறார். 229 வந்துவிட்டது! இன்னும் ஒரு பந்து மீதி. வேலை முடிந்தது என்ற நினைப்பில் அதை மெல்லத் தடுத்து நிறுத்துகிறார், ஓடவில்லை. நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்துகிறார்கள். பிறகுதான் தெரிகிறது, 229 சமநிலைக்கான எண். வெற்றிக்கு 230 வேண்டும். ஆட்டம் சமனில் முடிந்தது. போட்டியை நடத்திய தென் ஆப்பிரிக்காவே முதல் சுற்றோடு வெளியேறியது.

கவனியுங்கள், அட்டவணையில் ஒரு பிழையும் இல்லை. கணக்கு சரி, எண் சரி. ஆனால் அது "எத்தனை எடுத்தால் சமம்?" என்ற கேள்விக்கான பதில். மழையில் மட்டையோடு நின்றவரின் கேள்வி "எத்தனை எடுத்தால் வெற்றி?" என்பது. சரியான தகவல், தவறான கேள்விக்கு.

இதே கோளாறு லீக் செயலிகளின் புள்ளிப் பட்டியலில் வாரந்தோறும் நடக்கிறது. கடைசிச் சுற்றில் கிரிக்கெட் கேப்டன் பட்டியலைத் திறப்பது, புள்ளிகள் சமமானால் அணிகளை வரிசைப்படுத்தப் பார்க்கும் நிகர ரன் விகிதத்தை மூன்று தசம இடத்துக்கு ரசிப்பதற்காக அன்று. "இன்று வென்றால் அரையிறுதி உண்டா? எத்தனை ஓவருக்குள் வெல்ல வேண்டும்?" அதைச் சொல்லாமல் எண்களைக் கொட்டினால், அவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவார். ஓவர்கள் முடியுமுன் அணி முழுவதும் ஆட்டமிழந்தால், முழு ஓவர்களும் ஆடியதாகவே விகிதத்தில் கணக்கிடுவார்கள் என்பதை மறந்து தப்பாகவும் போடுவார். கால்பந்திலோ, புள்ளிகள் சமமானால் சில லீக்குகள் முதலில் கோல் வித்தியாசத்தைப் பார்க்கும். சில, அந்த இரு அணிகளும் மோதிய ஆட்டங்களைப் பார்க்கும். விதி எதுவோ, பட்டியலின் அடியிலேயே அதை எழுதி வைக்க வேண்டும்.

அமைப்பாளருக்கு வருவோம். பத்து அணிகள் தலா ஒருமுறை மோதினால் 45 ஆட்டங்கள். அந்த அட்டவணையைப் போடுவது பெரிய வித்தை இல்லை. எந்தச் செயலியும் போடும். மழையில் ஒன்று தள்ளிப்போகும்போதுதான் வேலையே தொடங்குகிறது. மைதானம் காலியா, நடுவர் வருவாரா, இரு அணிக்கும் அன்று வேறு ஆட்டம் இல்லையா? பார்த்து முடித்தால், எல்லாருக்கும் தகவல் போயிற்றா? போடுவதைவிட மாற்றுவது எளிதாக இருக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், மாற்றுவது எளிதாக இருக்க வேண்டும்.

ஸ்கோர் குறிப்பவரைப் பற்றி நிறையச் சொல்லலாம். வெயிலில் திரை தெரியாது, அடுத்த பந்து அரை நிமிடத்தில் வந்துவிடும், சிக்னல் கிடைக்காது. பெரிய பொத்தான்கள், தப்பாக அழுத்தியதைத் திரும்பப் பெறும் வழி, இணையம் இல்லாமலும் இயங்கும் தன்மை. இவற்றை அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் தோன்றாது. ஓர் ஆட்டம் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சிறுவர் லீக்குகளைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். வயதுப் பிரிவுக்காகப் பிறந்த தேதி, புகைப்படம், பெற்றோரின் எண் எல்லாம் வாங்குகிறார்கள். எதிரணிப் பயிற்சியாளர் கேட்பது "இந்தப் பையன் இந்தப் பிரிவில் ஆடலாமா?" என்பது மட்டும். ஆம், இல்லை என்று காட்டினால் போதும். பிறந்த தேதியை அவருக்குக் காட்டத் தேவையில்லை. அதேபோல, பொருளாளர் தேடுவது கட்டணம் இன்னும் தராதவர்களின் பெயர்களை. மொத்த வசூலை வண்ண வட்டமாகக் காட்டும் வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வணக்கம்.