வயலுக்காகப் பேசுவோம், சட்டத்தின் காதில் விழும்படி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் டவுனுக்கும் பக்கத்து டவுனுக்கும் இடையில் மிச்சமிருப்பது அந்த வயல்வெளிதான். அது ‘கிரீன் பெல்ட்’ என்னும் பசுமை வளையத்தில், அதாவது ஊர்கள் பரவாமல் இருக்க அவற்றைச் சுற்றிக் காக்கப்படும் நிலத்தில் இருக்கிறது. அதில் நூற்றுக்கணக்கான வீடுகள் கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது. உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் வெறும் கோபத்தைக் கடிதமாக்கி கவுன்சிலுக்கு அனுப்பினால் தோற்றுப்போவோம்.

லண்டன் நாலாபக்கமும் பரவிக்கொண்டிருந்த காலத்தில், 1938இல், அதைச் சுற்றி நிலத்தைக் காக்க ஒரு சட்டம் வந்தது. 1955இல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ் மற்ற ஊர்களும் இப்படிப் பசுமை வளையம் அமைத்துக்கொள்ளச் சுற்றறிக்கை அனுப்பினார். இன்று இங்கிலாந்து நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இந்த வளையத்துக்குள் இருக்கிறது.

அது அழகான நிலம் என்பதற்காகக் காக்கப்படவில்லை. கொள்கை ஐந்து நோக்கங்களைச் சொல்கிறது: பெருநகரம் கட்டுப்பாடின்றிப் பரவாமல் தடுப்பது, பக்கத்துப் பக்கத்து டவுன்கள் ஒட்டிப்போகாமல் பார்ப்பது, நாட்டுப்புறத்துக்குள் கட்டடங்கள் நுழையாமல் காப்பது, பழம்பெரும் ஊர்களின் சூழலைப் பேணுவது, நகருக்குள் பாழாய்க் கிடக்கும் நிலத்தை மறுபடி பயன்படுத்த வைப்பது.

2024 டிசம்பரில் அரசு இந்தக் கொள்கையைத் திருத்தி, ‘கிரே பெல்ட்’ என்ற புதிய வகையைக் கொண்டுவந்தது. முன்பே கட்டடம் இருந்த இடமும், நான் சொன்னவற்றில் முதலாவது, இரண்டாவது, நான்காவது நோக்கங்களுக்கு வலுவாக உதவாத நிலமும் அதில் அடங்கும். அந்த வகையில் சேர்ந்துவிட்டால் அங்கே கட்ட அனுமதி பெறுவது எளிதாகிவிடும். கவனியுங்கள், மூன்றாவது நோக்கம் அந்தக் கணக்கில் இல்லை. “இது நாட்டுப்புறம், இதைத் தொடாதே” என்று நாம் நெஞ்சாரச் சொல்வது அந்த இடத்தில் எடுபடாது. கிராமங்களுக்கு நிலைமை இன்னும் மோசம். இரண்டாவது நோக்கம் டவுன்களுக்கு மட்டுமே, கிராமங்களுக்கு அல்ல என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. இது அநியாயம் என்பதே என் கருத்து. நம் வயல் இரண்டு டவுன்களுக்கு நடுவே இருப்பதுதான் நமக்குள்ள பலம். நம் கடிதங்கள் முதலில் அதைத்தான் பேச வேண்டும். இடைவெளி எவ்வளவு, வீடுகள் வந்தபின் எவ்வளவு மிஞ்சும், சாலையில் நின்றால் எந்த ஊர் எங்கே முடிகிறது என்று தெரியுமா?

வீட்டு விலை இறங்கும், ஜன்னல் வழியே தெரியும் காட்சி போய்விடும் என்று எழுதாதீர்கள். திட்டமிடல் அதிகாரிகள் அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. நெரிசல், வெள்ளம், மழைநீர் வடிகால், பள்ளிக்கூடத்தில் இடம், டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் ஆகியவற்றை எடுப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வீடுகள் தேவைதான். நம் பிள்ளைகளே வாடகை கொடுத்து முடியாமல் நம்மோடு இருக்கிறார்கள். அதனால் “இங்கே வேண்டாம்” என்பதோடு நிற்காமல், கவுன்சில் வைத்திருக்கும் பிரவுன்ஃபீல்டு பட்டியலை, அதாவது முன்பு கட்டடம் இருந்து மறுபடி கட்டத் தகுந்த நிலங்களின் பட்டியலைப் பார்த்து, எந்தப் பாழிடத்தில் கட்டலாம் என்றும் எழுதுவோம். எல்லாவற்றையும் மீறி அனுமதி கிடைத்தாலும், பசுமை வளையத்தில் இவ்வளவு பெரிய திட்டம் வழக்கத்தைவிடக் கூடுதலாக மலிவு வீடுகளும், பொதுமக்களுக்குப் பசுமையிடமும், தேவையான உள்கட்டமைப்பும் தர வேண்டும் என்பது விதி. அதில் ஒரு வீட்டைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது.

விண்ணப்பத்தைக் கவுன்சில் மறுத்தால் கட்டுமான நிறுவனம் மேல்முறையீடு செய்யலாம். அனுமதித்தால் நமக்கு அந்த உரிமை கிடையாது. கோர்ட்டில் சட்டப் பிழையை மட்டும் காட்டலாம், அதுவும் ஆறு வாரத்துக்குள். ஆகவே பேச வேண்டியதை இப்போதே பேசிவிட வேண்டும். ஒரே கடிதத்தை நகலெடுத்து ஆயிரம் பேர் கையெழுத்திடுவதைவிட, அவரவர் தெரு, அவரவர் பார்த்த வெள்ளம் என்று எழுதுங்கள்.

பின்னால் மேசையில் வரைபடம் விரித்திருக்கிறோம். மழைக்காலத்தில் அந்த வயலில் தண்ணீர் தேங்கியதைப் படம் எடுத்தவர்கள், எடுத்த தேதியோடு நம் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.