பெரியது முதலில் வரும்

நேயர்களுக்கு வணக்கம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் விடியும் முன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். சிரட்டையில் சொட்டும் அந்தப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். அதுவும் கரைந்திருப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக, சிறிதும் பெரிதும் கலந்து மிதக்கிறது. இவற்றை அளவுவாரியாகப் பிரிக்க ஒரு மெல்லிய குழாய் போதும். வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

பட்டணங்கால் சானலில் தண்ணீர் விடும்போது கரையில் நின்று பாருங்கள். நடுவில் விழுந்த சருகு விரைந்து போகும். ஓரத்துச் சருகு தயங்கித் தயங்கி நகரும். குழாய்க்குள்ளும் அப்படித்தான். சீராக ஓடும்போது, சுவரை ஒட்டிய தண்ணீர் நகர்வதே இல்லை. நட்டநடுவில் ஓடுவது சராசரியைப் போல இரண்டு மடங்கு வேகம். பதினோராம் வகுப்பு இயற்பியலில் வரும் பாய்சொய் ஒரு மருத்துவர். ரத்தம் நுண்குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று அறியப் புறப்பட்டுத்தான் அவர் இந்த ஓட்டத்தை அளந்தார்.

சரி, இப்போது ரப்பர் உருண்டைகளை உள்ளே விடுவோம். அவை ஓரிடத்தில் நிற்காமல் குறுக்கும் நெடுக்கும் அலையும். சின்ன உருண்டை சுவர் வரை போய், அங்கே இருக்கும் மந்தமான தண்ணீரில் மாட்டிக்கொள்ளும். பெரியதால் அவ்வளவு நெருங்க முடியாது, அதன் உடம்பே தடுக்கும். அதனால் அது எப்போதும் வேகமான நடுப்பகுதியிலேயே பயணம் செய்யும், முதலில் வெளியே வரும். சல்லடையில் சின்னது முதலில் விழும், இங்கே நேர்மாறு!

1974-இல் அமெரிக்காவில் ஹாமிஷ் ஸ்மால் என்பவர் நுண்மணிகள் அடைத்த குழாயில், ரப்பர் பாலைப் போல நுண்ணிய உருண்டைகள் மிதக்கும் செயற்கைப் பாலைச் செலுத்தி இப்படிப் பிரித்துக் காட்டினார். மணிகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள்தான் அங்கே நுண்குழாய்கள். பிறகு மணிகள் இல்லாத வெறும் நுண்குழாயே போதும் என்றானது. தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன் என்றால், இந்தக் குழாயின் உள்துளை 10 மைக்ரான் அளவுதான். துளை அவ்வளவு சிறியதாக இருந்தால்தான் உருண்டைகளின் அளவு வித்தியாசம் சுவருக்கு உறைக்கும். ஆனால் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் 16-இல் ஒரு பங்காகிவிடும். அதனால் பலமான பம்பு வேண்டும், பாலை நன்றாக நீர்த்து வடிகட்டவும் வேண்டும். ஒரு தூசு போதும், குழாய் அடைத்துக்கொள்ளும்.

மருந்து மூலக்கூறுகள் இந்த வழிக்கு மிகவும் சிறியவை. அப்படிச் சிறிய மூலக்கூறுகளைப் பிரிக்க 1981-இல் அமெரிக்காவில் ஜார்கன்சன், லூகாக்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் 75 மைக்ரான் கண்ணாடிக் குழாயில் 30,000 வோல்ட் வரை மின்சாரம் கொடுத்தார்கள். மின்சாரம் இழுக்கும் தண்ணீரில் நடு, ஓரம் என்ற வேக வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. அங்கே பிரிப்பது மூலக்கூறின் மின்சுமையும் அளவும்.