பெயருக்குக் கீழே உள்ள வரி

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

சுற்றுச்சூழலையும் வட்டார மரபையும் சேர்த்துச் சொல்லும் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கையில் நோட்டைக் கொடுத்து, "எல்லாப் பெயரையும் எழுதிக்கொண்டு வா" என்கிறார்கள். பிள்ளை அட்டையைப் பார்த்து எழுதுகிறது. பொருளைப் பார்ப்பதே இல்லை. அந்த அட்டையிலும் பெயரைவிட முக்கியமானது, கீழே பொடி எழுத்தில் இருக்கிறது: எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது.

1967இல் டெரிக் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், சேகரிப்புகளில் இருந்த பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவையின் முட்டை ஓடுகளை எடைபோட்டு, அளந்து பார்த்தார். 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துகொண்டே வந்திருந்தது. டி.டி.டி. பூச்சிக்கொல்லி பரவலாகப் புழக்கத்துக்கு வந்த காலம் அது. அடைகாக்கும் பறவையின் எடை தாங்காமல் முட்டைகள் ஏன் நொறுங்கின என்பது அப்படித்தான் பிடிபட்டது. முட்டைகளுக்குத் தேதி குறிக்காமல் விட்டிருந்தால், அவை வெறும் அழகுப் பொருள்கள்! செடிகளை உலர்த்தி ஒட்டி, இடமும் தேதியும் குறித்து வைக்கும் உலர்தாவரத் தாள்களும் அப்படியே. இருநூறு ஆண்டு காலத்து இலைகளை ஒப்பிட்டு, இலை காற்றை உள்வாங்கும் நுண்துளைகளின் அடர்த்தி சுமார் 40 விழுக்காடு குறைந்திருப்பதைத் தாவர ஆய்வாளர் உட்வர்டு 1987இல் காட்டினார். காற்றில் கரியமில வாயு கூடியதோடு அது பொருந்திப் போனது.

மரபுக் கூடத்திலும் இதே கண்ணோடு நில்லுங்கள். ஒரு மீன்பிடிக் கூடு இருக்கிறது என்று வையுங்கள். பின்னல் மூங்கிலா, பிரம்பா, நாணலா? இரண்டு குச்சிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? எந்த அளவு மீன் அதில் நுழைந்து தப்பிப் போகும்? கரையில் என்ன வளர்ந்தது, எந்தக் குஞ்சு மீனை விட்டுவைத்தார்கள் என்ற இரண்டுக்கும் அந்த ஒரு கூட்டிலேயே தடயம் உண்டு. இப்படி ஒரு பொருளுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். முதல் ஐந்து நிமிடம் எழுதவே வேண்டாம். பிறகு பென்சிலால் வரையட்டும். பேனா மை சிந்தினால் கறை போகாது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு கூடம் போதும். அதற்கு மேல் போனால் பிள்ளைகளுக்குக் கால்தான் வலிக்கும்.

கூடம் இருட்டாக இருக்கிறதே என்று குறைப்படாதீர்கள். இறகு, சாயத் துணி, காகிதம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கே வெளிச்சம் வைப்பது வழக்கம். வெளுத்த நிறம் திரும்பாது. சில நிமிடங்களில் கண் பழகிவிடும். பாடம் செய்த பழைய விலங்குகளைத் தொடவே விடாதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் ஆர்சனிக் பூசினார்கள்; இன்றும் அது தோலிலும் மயிரிலும் இருக்கக்கூடும்.

அட்டையில் இடமும் தேதியும் இல்லாவிட்டால், பொருளின் மேலோ அருகிலோ பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் குறித்துக்கொண்டு காப்பாட்சியரிடம் கேளுங்கள். பதிவேட்டில் தேடிச் சொல்வார். கூட்டமான நாளில் அதற்கு அவருக்கு நேரம் இருக்காது, முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டுப் போங்கள்.