குப்பையென்று ஒதுக்கிய பெட்டி

அவையோருக்கு வணக்கம்.

எழுதிய தாள் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம் அல்லவா? அதே கூச்சம் யூதர்களுக்கும் உண்டு. கடவுள் பெயர் எழுதிய தாளைத் தூக்கி எறியமாட்டார்கள். தொழுகைக்கூடத்து அறையொன்றில் போட்டுவைத்து, பிறகு புதைப்பார்கள். அந்த அறைதான் கெனிசா. பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் மட்டும் புதைக்கும் வேலையை யாரும் ஒழுங்காகச் செய்யவில்லை. அந்தச் சோம்பலுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும்!

1896-இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் கிழக்கே போய் வாங்கிவந்த கிழிசல்களில் ஒன்றைக் கேம்பிரிட்ஜில் யூத அறிஞர் சாலமன் ஷெக்டர் பார்த்தார். பென் சிரா என்ற பழைய யூத அறநூலின், தொலைந்ததாகக் கருதப்பட்ட எபிரேய மூலத்தில் ஒரு தாள் அது. அது கெய்ரோக் கெனிசாவிலிருந்துதான் வந்திருக்கும் என்று ஊகித்து, அந்தக் குளிர்காலத்திலேயே கெய்ரோவுக்குக் கிளம்பிவிட்டார். செலவுக்குப் பணம் கொடுத்தவர் செயின்ட் ஜான்ஸ் கல்லூரித் தலைவர் சார்லஸ் டெய்லர். வாரக்கணக்கில் தூசி தின்று ஷெக்டர் அள்ளிவந்த துண்டுகள் ஏறத்தாழ 1,93,000. 1898-இல் அவை பல்கலைக்கழக நூலகத்துக்குச் சேர்ந்தன. ஒரு புகைப்படம் இருக்கிறது: சுற்றிலும் பெட்டிகள், மேசையெல்லாம் கந்தல், நடுவில் நெற்றியில் கைவைத்தபடி ஷெக்டர். பெண்ணுக்கு வரன் தேடும் தகப்பன் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அவர் தேடியது சமய நூல்களை. மளிகைக் கணக்கையும் கடன் சீட்டையும் யார் அன்று மதித்தார்கள்? ஒரு பகுதி பயனற்றதென்று பெட்டிகளிலேயே கிடந்தது. 1950-களில் கொய்டைன் என்ற அறிஞர் கேட்டது அந்த மளிகைக் கணக்கைத்தான். ஒதுக்கிய பெட்டிகளும் திறந்தன. இந்தியப் பெருங்கடல் வணிகமே கெனிசா கடிதங்களில் உயிரோடு இருந்தது.

அவற்றில் நம் பக்கத்து ஆள் ஒருவர் வருகிறார். துனிசியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜு, 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் குடியிருந்து மிளகு வியாபாரமும் வெண்கலப் பட்டறையும் நடத்தியவர். ஏடனிலிருந்து நண்பர்கள் சர்க்கரை, உலர்திராட்சையோடு அவருக்கு அனுப்பிய அன்பளிப்பு என்ன தெரியுமா? வெள்ளைத் தாள். இங்கே நாம் ஓலையில் எழுதிக்கொண்டிருந்தோம். அவருக்குத் தாள் கிடைக்கவில்லை. அதனால் வந்த கடிதங்களின் ஓரத்திலும் பின்பக்கத்திலும் தன் கணக்கை நெருக்கி நெருக்கி எழுதினார். இந்தியாவை விட்டுக் கிளம்பும்போது அந்தத் தாள்களையும் கையோடு கொண்டுபோனார்; கடைசியில் அவை கெய்ரோக் கெனிசாவில் சேர்ந்தன.

அவர் வாழ்ந்த அதே கரையில் அன்று ஓலையில் எழுதிய கணக்குகள் எங்கே? கறையான் தின்றது பாதி. நம் ஊரிலோ மிச்சத்தை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டோம், அதுவும் பக்தியோடு.