பிரசவ அறையில் தொடங்கும் ஐம்பது ஆண்டுக் கணக்கு

வணக்கம் நேயர்களே.

அரசு மருத்துவமனைகள் மீதான அலட்சிய வழக்குகளில் இழப்பீட்டுத் தொகை ஏறிக்கொண்டே போகிறது. டாக்டர்களுக்கு அக்கறை குறைந்துவிட்டது என்று சிலரும், மக்களுக்குப் பணத்தாசை கூடிவிட்டது என்று சிலரும் சொல்வதுண்டு. பணம் எந்த இனத்தில் போகிறது என்று பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையை எடுத்துக்கொள்வோம். அண்மை ஆண்டுகளில் அங்கு பதிவாகும் வழக்குகளில் மகப்பேறு சார்ந்தவை பத்தில் ஒன்றுக்குச் சற்று அதிகம். தொகையிலோ அவை பாதிக்கும் மேல். காரணம், பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் பாதிக்கப்பட்ட குழந்தை பல பத்தாண்டுகள் வாழும். இரவும் பகலும் உதவியாள், சக்கர நாற்காலி, பேச்சுப் பயிற்சி, வீட்டை மாற்றியமைத்தல், இழந்த வருமானம் என எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும். வலிக்கும் வேதனைக்கும் தருவது அதில் சிறு பங்குதான். மருத்துவம் வளர்ந்து ஆயுள் நீள நீள இந்தக் கணக்கும் நீளும். அந்த வகையில் இது நல்ல செய்தியின் விலையும்கூட!

அடுத்தது, பலரும் கவனிக்காத கழிவு வீதம். இழப்பீட்டை மொத்தமாக வாங்கி முதலீடு செய்தால் வட்டி வரும் அல்லவா? விலைவாசி உயர்வு போக மிஞ்சும் அந்த வட்டியை முன்பே கழித்துக்கொண்டுதான் தொகையை நிர்ணயிப்பார்கள். இங்கிலாந்தில் 2.5 சதவீதமாக இருந்த இந்த வீதம் 2017இல் மைனஸ் 0.75 சதவீதமாக இறங்கியது; அதாவது, வரும் வட்டியைவிட விலைவாசி வேகமாக ஏறும் என்று கணக்கிட்டார்கள். 40 ஆண்டுப் பராமரிப்புக்கு ஓராண்டுச் செலவைப் போல் சுமார் 25 மடங்கு கொடுத்த இடத்தில், சுமார் 47 மடங்கு கொடுக்க வேண்டியதாயிற்று. தவறுகள் ஒன்றுகூடக் கூடவில்லை. பில் மட்டும் ஏறத்தாழ இரட்டிப்பானது. 2019இலும் 2025இலும் வீதம் திரும்ப உயர்த்தப்பட்டு, இப்போது 0.5 சதவீதத்தில் நிற்கிறது. மொத்தமாகத் தராமல் ஆண்டுதோறும் கொடுக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் அங்குள்ள நீதிமன்றங்களுக்கு உண்டு. ஆயுளை ஊகிக்கும் வேலை இதில் குறைகிறது என்பதால் எனக்கு இந்த முறையே நியாயமாகப் படுகிறது.

சரி, தவறு எங்கே நடக்கிறது? பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில்தான். வலி வரச் சொட்டு மருந்தாக ஆக்சிடோசின் ஏறிக்கொண்டிருக்கும். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால், ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே குழந்தைக்குப் போதிய ஆக்சிஜன் போகாமல் போகலாம். சொட்டைக் குறைக்க வேண்டும், இல்லையேல் நிறுத்த வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பு வரைபடம் எச்சரிக்கும்போது, ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒருவர் பார்த்தது அடுத்தவருக்குப் போய்ச் சேராது. மூத்த டாக்டரை எழுப்பத் தயக்கம். உயிராபத்து என்றால் முடிவெடுத்த 30 நிமிடத்துக்குள் குழந்தையை வெளியே எடுக்க வேண்டும் என்பது பரவலான அளவுகோல். அறுவை அரங்கம் காலியில்லை, மயக்க மருந்து டாக்டர் வேறிடத்தில் என்றால் அந்த அரை மணி கரைந்துவிடும். ஆள் குறைவாக உள்ள பொது மருத்துவமனையில் இதுதான் அதிகம் நடக்கிறது. இழப்பீடு போவதும் அதே சுகாதார நிதியிலிருந்து என்பதால், ஆள் போடும் பணம் இன்னும் சுருங்குகிறது.

தவறே நடக்காமல் மருத்துவமனை தோற்கும் வழக்குகளும் உண்டு. கேஸ் ஷீட்டில் நேரம் இல்லை, கையெழுத்து யாருடையது என்று தெரியவில்லை, பிற்பாடு எழுதியதை அப்போதே எழுதியது போல் காட்டியிருக்கிறார்கள் என்றால் நீதிமன்றம் மற்றதையும் நம்பாது. குடும்பத்தாரிடம் முதல் நாளே நடந்ததைச் சொல்லாமல் மழுப்புவது இன்னும் மோசம். விவரம் தெரிந்துகொள்ளவே வழக்குப் போடுபவர்கள் ஏராளம். ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வாதாடிவிட்டுக் கடைசியில் சமரசம் பேசினால், வக்கீல் செலவும் தலையில் விழும்.

நியூசிலாந்து 1974 முதல் வேறு வழியில் போகிறது: யார் தவறு என்று நிரூபிக்காமலேயே சிகிச்சையால் நேர்ந்த பாதிப்புக்கு அரசுத் திட்டம் உதவும். வழக்கு குறையும், ஆனால் தனி ஒருவருக்குக் கிடைக்கும் தொகையும் பொதுவாகக் குறைவு.

மருத்துவமனைகளுக்கு நாளைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. இதயத் துடிப்பு வரைபடம் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாளில் வரும். சில ஆண்டுகளில் மங்கி வெள்ளையாகிவிடும். குழந்தை சார்பான வழக்கோ 20 ஆண்டு கழித்தும் வரலாம். அன்றைக்கே அதை ஸ்கேன் செய்து, தாயின் பெயர், தேதி, நேரத்துடன் சேமியுங்கள். கடினமான பிரசவம் என்றால் தொப்புள்கொடியின் தமனி, சிரை இரண்டிலிருந்தும் ரத்தம் எடுத்து, குழந்தைக்கு ஆக்சிஜன் குறைந்ததா என்று அறிய உதவும் அமிலத்தன்மையைப் பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.