தலைமாட்டில் ஒரு முக்காலி

(செவிலிய மாணவியரும் பயிற்சி மருத்துவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மயக்கவியல் மருத்துவராகப் பல ஆண்டுகள் சிசேரியன் அரங்கில் தாயின் தலைமாட்டில் நின்றவள் நான். அறுவை மருத்துவரின் கண் வயிற்றில் இருக்கும்; குழந்தை மருத்துவரின் கண் குழந்தை வரும் வழியில் இருக்கும்; தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது என் பொறுப்பு. சிசேரியனின்போது கணவரை உள்ளே அனுமதிக்கலாமா என்ற கேள்விக்கு, அந்த முகங்களை நினைவில் வைத்துக்கொண்டே பதில் சொல்ல விரும்புகிறேன்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8. ஏறத்தாழ பாதித் தாய்மார்கள் கடந்து வரும் அறை அது. பிரசவத் துணை என்ற ஏற்பாட்டை அரசு மருத்துவமனைகளில் நாட்டிலேயே முன்னதாகத் தொடங்கிய மாநிலங்களில் ஒன்று நம்முடையது. 2016-இல் மத்திய அரசும், துணைக்கு ஒரு பெண் உறவினர் இருக்கலாம், அந்தரங்கம் காக்கப்படும் இடங்களில் கணவரே இருக்கலாம் என்று வழிகாட்டியது. ஆனால் அந்தத் துணை பிரசவ அறையோடு முடிந்துவிடுகிறது. இரவெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர், சிசேரியன் என்று முடிவானதும் அரங்கின் வாசலில் நிறுத்தப்படுகிறார். துணை மிக வேண்டியிருக்கும் நேரத்தில்தான் தாய் தனித்து விடப்படுகிறாள்.

முதுகில் ஊசி போட்டபின் மார்புக்குக் கீழே வலி தெரியாது. ஆனால் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும். குழந்தை சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும். பிறகு தையல் முடிய அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அந்த நேரத்தில் எல்லாருடைய கவனமும் குழந்தையின் பக்கம் போய்விட, அவள் விளக்கைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டு கிடப்பாள்.

நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில், தாயில்லாத பெண் ஒருத்தி, "அவரு கூட இருந்தா பயம் இருக்காது டாக்டர்" என்று என்னிடம் கேட்டாள். மூத்த செவிலியர் சம்மதிக்கவில்லை. "மயங்கி விழுந்தா யாரு பார்க்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான். கணவரைச் சாப்பிட்டு வரச் சொல்லி, பச்சை அங்கியும் தொப்பியும் முகக்கவசமும் அணிவித்து, அறுவையை மறைக்கும் திரைத்துணிக்கு இந்தப்பக்கம் ஒரு முக்காலியில் அமர வைத்தோம். அவர் ஒருமுறைகூட எழுந்து திரைக்கு மேலே எட்டிப் பார்க்கவில்லை. மல்லாந்து படுத்திருப்பவளின் கண்ணீர் கன்னத்தில் வழியாது. கடைக்கண்ணிலிருந்து நேரே காதுக்குள் போகும். ஒரு கையில் சலைன், மறு கையில் இரத்த அழுத்தப் பட்டை. அவளால் துடைத்துக்கொள்ள முடியாது. அந்த மனிதர் ஒரு துண்டுப் பஞ்சால் இரண்டு காதுகளையும் மாறி மாறித் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தனை ஆண்டுகளில் எத்தனை பெண்களின் காதுகள் அப்படி நனைந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

நம் தயக்கங்களை நேர்மையாகப் பார்ப்போம். தொற்று என்கிறோம், அறுவைப் பகுதியை நெருங்காமல், சுத்தமான உடையில் தலைமாட்டில் அமர்ந்திருப்பவர், வேடிக்கை பார்க்க வரும் மாணவர்களைவிட எந்த வகையில் ஆபத்தானவர்? நம்மில் பலர் சொல்லாமல் வைத்திருக்கும் அச்சம் வேறு: யாரோ நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது. கத்தாதே என்று தாயை அதட்டுவதும், அவள் காதுபட வீட்டுக்கதை பேசுவதும் வெளியார் முன்னால் நடக்காது. அவர் இருப்பதால் நம் வாய் அடங்கும் என்றால், அந்த அடக்கம் அவர் வருவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டியது.

தாக்கப்படுவோம் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மருத்துவப் பணியாளர்களைக் காக்க 2008-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஆனால் என் அனுபவத்தில், கோபம் மூண்டதெல்லாம் தகவலே இல்லாமல் மணிக்கணக்கில் மூடிக்கிடந்த கதவுக்கு வெளியே. உள்ளே நாம் பதறாமல் உழைப்பதைக் கண்ணால் கண்டவர், நடந்ததை உறவினர்களுக்குத் தம் வாயாலேயே சொல்வார்.

எல்லா நேரத்திலும் அனுமதிக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். முழு மயக்கம் கொடுக்கும்போது தாய்க்கு நினைவிருக்காது. எங்கள் கவனம் முழுவதும் அவள் மூச்சில் இருக்கும். அப்போது அவர் வெளியே இருப்பதே சரி. ஆனால் ஒருவர் போய் அவரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும். ஒரே அரங்கில் இரண்டு மேசைகள் ஓடும் அரசு மருத்துவமனையில் அடுத்த பெண்ணின் மானமும் முக்கியம். அங்கே இடையில் ஒரு திரை வேண்டும், இல்லையென்றால் அவளுடைய அம்மாவோ அக்காவோ வரட்டும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னதும், தாய் விரும்பும் துணை என்றுதான். கணவர் வேண்டாம் என்பவளும் உண்டு. கடைசி வார்த்தை அவளுடையது.

எனவே மாதாந்திரப் பரிசோதனைக்கு வரும்போதே, கணவரைச் சற்று வெளியே அமர வைத்துவிட்டு, அவளிடம் தனியாகக் கேளுங்கள்: "ஒருவேளை ஆபரேஷன் ஆனா, பக்கத்துல யாரு இருக்கணும்மா?" அவள் சொல்லும் பெயரைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். நள்ளிரவில் அவளை அரங்குக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, அதைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.